மொழிபெயர்ப்பு முழுமை, பொதியில் தமிழைக் காணவில்லை

#1 பொதிமாடு

வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலுக்காக ஒரு சிறிய குறிப்பேட்டு நிரலைப் பொதி (நிறுவத் தயாரான தொகுப்பு) கட்டிக்கொண்டிருக்கிறேன். சி மொழி, பில்டு செய்ய (மூலநிரலை ஓடும் நிரலாக்க) ஆட்டோடூல்ஸ், மொழிபெயர்ப்புக்குக் கெட்டெக்ஸ்ட் என்று எல்லாம் பழைய முறை. மொழிபெயர்ப்புத் தளமான வெப்லேட்டில் தமிழுக்கு நேரே நூற்றுக்கு நூறு என்று பச்சைப் பட்டை மின்னுகிறது. பொதியை நிறுவித் திறந்தால் மெனு முழுக்க ஆங்கிலம்.

பில்டில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பொதியைச் சோதிக்கும் லிண்டியன் கருவி வாயே திறக்கவில்லை. பொதிக்குள் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். மொழிக்கோப்புகள் இருக்கும் லொகேல் அடைவுக்குள் ஜெர்மன், பிரெஞ்சு, இந்தி, தெலுங்கு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் மட்டும் இல்லை. என் கணினியின் மொழி அமைப்பில் குறை இல்லை. மற்ற நிரல்கள் தமிழில்தான் பேசுகின்றன. மூன்று நாட்களாகத் தேடுகிறேன். எங்கே தொலைகிறது?

#2 கடைசிவரி

பொதிக்குள்ளேயே எம்ஓ கோப்பு இல்லை என்றால் உங்கள் கணினியைச் சந்தேகிக்க வேண்டாம். பின்னோக்கி நடங்கள். பில்டு அடைவில் தமிழுக்கு ஜிஎம்ஓ கோப்பு உருவாகியிருக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் இறக்கிய டார் கோப்புக்குள் (வெளியீட்டின் மூலநிரல் கட்டு) தமிழின் பிஓ கோப்பு இருக்கிறதா? நிரலாளர்கள் வேலை செய்யும் கிட் களஞ்சியத்தைக் கேட்கவில்லை, டார் கோப்பைக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வழுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன்.

(புதிதாக வாசிப்பவர்களுக்கு: பிஓ என்பது மொழிபெயர்ப்பாளர் கையால் எழுதும் உரைக்கோப்பு. அதை இயந்திரம் வேகமாகத் தேடுவதற்கு ஏற்ற வடிவில் அரைத்துக் கொடுத்தால் எம்ஓ. நிறுவப்படும் முன் பில்டு அடைவில் கிடக்கும்போது அதே எம்ஓவுக்கு ஜிஎம்ஓ என்று பெயர்.)

#3 பொதிமாடு

பார்த்தேன். கிட் களஞ்சியத்தில் ‘டிஏ_ஐஎன்’ (தமிழ், இந்தியா) என்ற பெயரில் பிஓ கோப்பு இருக்கிறது. டார் கோப்பில் இல்லவே இல்லை! இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண், ஒரே நாள். நடுவில் யார் எடுத்தது?

#4 கடைசிவரி

யாரும் எடுக்கவில்லை. யாரும் போடவில்லை, அவ்வளவுதான்.

பிஓ அடைவுக்குள் ‘லிங்குவாஸ்’ என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். மொழிக் குறியீடுகளை மட்டும் வரிசையாக எழுதிய கோப்பு. ஆட்டோடூல்ஸ் அதைப் பார்த்துத்தான் எந்தெந்த மொழியை அரைக்க வேண்டும், எதை நிறுவ வேண்டும் என்று முடிவு செய்கிறது. வெளியீட்டுக்காக, டார் கோப்பைக் கட்டும் ‘மேக் டிஸ்ட்’ கட்டளையை ஓட்டும்போதும் அதே பட்டியல்தான். பட்டியலில் பெயர் இல்லாத மொழியின் பிஓ கோப்பு அடைவில் கண்முன் கிடந்தாலும் டார் கோப்பில் ஏறாது. பிழைச்செய்தியும் வராது. அழைப்பிதழ் இல்லாதவர் பந்திக்கு வரவில்லை என்று எந்தச் சமையல்காரர் கவலைப்படப் போகிறார்?

டார் கோப்பும் கிட்டும் வேறு வேறு என்ற பாடத்தை 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் விவகாரம் எல்லோருக்கும் அடித்துச் சொன்னது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார் கோப்பில் இருந்த நச்சு வரிகள், ‘பில்டு-டு-ஹோஸ்ட்’ என்ற எம்4 கோப்பின் (பில்டு அமைப்பின் ஒரு துண்டு) திருத்திய வடிவத்தில் ஒளிந்திருந்தன. கிட்டில் அந்தக் கோப்பு இல்லை. கெட்டெக்ஸ்ட் பயன்படுத்தும் திட்டங்களில் சாதாரணமாகத் தென்படும் பெயர் அது, அதனால்தான் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பலர் டார் கோப்பை விட்டுவிட்டு கிட்டில் வெளியீட்டைக் குறிக்கும் குறியிலிருந்தே பொதி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் சிக்கலுக்கு அது பாதி மருந்துதான். பிஓ கோப்பு கிடைத்துவிடும். லிங்குவாஸில் பெயர் இல்லாத குறை அப்படியே இருக்கும்.

#5 பொதிமாடு

லிங்குவாஸைத் திறந்தேன். சுவீடிய மொழிக்கான ‘எஸ்வி’, அடுத்த வரியில் நேராகத் தெலுங்கின் ‘டிஈ’. நடுவில் தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமை. நான்கு ஆண்டுகளாக இப்படியே இருந்திருக்கிறது என்று கிட் வரலாறு சொல்கிறது. அந்தக் காலம் முழுக்க யாரோ ஒருவர் வெப்லேட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சரி, ஒரு வரிதானே என்று சேர்த்தேன். கிட்டிலிருந்து பிஓ கோப்பையும் எடுத்துப் பேட்ச்சாக (மூலத்தின் மேல் ஒட்டும் திருத்தம்) வைத்தேன். இப்போது பில்டே உடைந்துவிட்டது. பிஓவை அரைக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி இரண்டு பிழைகளைச் சொல்கிறது. 412ஆம் வரியில், மூலச் சரம் (மொழிபெயர்க்க வேண்டிய தொடர்) புதுவரிக் குறியோடு முடிகிறது, மொழிபெயர்ப்பு அப்படி முடியவில்லையாம். 538ஆம் வரியில் வடிவக் குறிகள் (எண்ணோ பெயரோ வந்து உட்காரும் இடங்கள்) பொருந்தவில்லையாம்.

#6 பில்டுகாவல்

வேறொரு வழங்கலில் நிறையப் பொதிகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு மொழியின் கோப்பு பில்டை உடைத்தால் அந்த மொழியை லிங்குவாஸிலிருந்து எடுத்துவிடுவேன். பாதுகாப்புத் திருத்தம் வெளியாக வேண்டிய இரவில், ஒரு புதுவரிக் குறிக்காக உலகத்தையே காக்க வைக்க முடியாது. தமிழ் என்றில்லை, எந்த மொழியானாலும் அப்படித்தான். யாராவது கேட்டால் அடுத்த பதிப்பில் சேர்ப்பேன்.

#7 மூன்றுசுழி

கேட்பவர் யார் ஐயா? அதைச் சொல்லுங்கள். நிரல் ஆங்கிலத்தில் திறந்தால், ‘இதில் தமிழ் இல்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடுவார்கள் நம்மவர்கள். வழு பதிய மாட்டார்கள். நீங்கள் எடுத்தது யாருக்கும் தெரியாது, எடுத்த உங்களுக்கே அடுத்த பதிப்பில் மறந்துபோகும்.

இந்தக் குறிப்பேட்டு நிரலின் தமிழ் என்னுடையது. நான்கு ஆண்டுகள் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். பிழைகளும் என்னுடையவைதான், மறைக்கவில்லை. ஒருமுறை ஊருக்குப் போகும்போது பிஓ கோப்பை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போய் ரயிலில் மொழிபெயர்த்து, திரும்பி வந்து மொத்தமாக ஏற்றினேன். வெப்லேட் மஞ்சள் குறி காட்டியிருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

538ஆம் வரி என்னவென்று நினைவிருக்கிறது. மூலத்தில் முதலில் எத்தனை குறிப்புகள் என்ற எண், அடுத்து எந்த அடைவுக்கு என்ற பெயர். தமிழில் அப்படிச் சொன்னால் நாக்கு தடுக்குகிறது. ‘வீடு அடைவுக்கு 3 குறிப்புகள் நகர்த்தப்பட்டன’ என்றுதானே சொல்வோம்? அதனால் இடம் மாற்றிப் போட்டேன்.

#8 கடைசிவரி

இடம் மாற்றியதில் தப்பே இல்லை அக்கா, தமிழ் அதைத்தான் கேட்கிறது. ஆனால் இடம் மாறியதை நிரலுக்குச் சொல்ல வேண்டும். விழுக்காட்டுக் குறிக்குப் பக்கத்தில் எண்ணும் டாலர் குறியும் போட்டு, ‘இது இரண்டாவது’, ‘இது முதலாவது’ என்று அடையாளம் கட்ட வேண்டும். அடையாளம் இல்லாமல் மாற்றினால், பெயர் வர வேண்டிய இடத்தில் 3 என்ற எண் வரும். சி நிரல் அந்த 3ஐ நினைவக முகவரி என்று நம்பிக்கொண்டு அங்கே எழுத்தைத் தேடிப் போகும். போன இடத்தில் விழுந்து சாகும். தமிழில் ஓட்டும் பயனருக்கு மட்டும் நிரல் மூடிக்கொள்ளும், ஆங்கிலத்தில் ஓட்டும் நிரலாளருக்கு ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட வழுவைக் கண்டுபிடிப்பதற்குள் தாடி வளர்ந்துவிடும். ஆகவே பில்டு உடைந்தது நல்லதுதான்.

பில்டுகாவல் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணி, வெளியீடு நிற்கிறது, எனக்கும் புரிகிறது. அப்போதும் மொழியை எடுக்க வேண்டியதில்லை. உடைந்த அந்த ஒரு சரத்துக்கு மேலே ‘ஃபஸ்ஸி’ என்ற குறியைப் போட்டுவிடுங்கள். எம்எஸ்ஜிஎஃப்எம்டி அந்தக் குறியுள்ள சரங்களைத் தானாகவே ஒதுக்கிவிட்டு மீதியை அரைக்கும். அறுநூறு சரங்களில் இரண்டு ஆங்கிலத்தில் தெரியும், அவ்வளவுதான். ஒரு மொழியை எடுக்கச் செலவாகும் நேரமும் ஒரு குறி போட ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

#9 பில்டுகாவல்

ஒப்புக்கொள்கிறேன். ஃபஸ்ஸி போடலாம் என்று தோன்றவே இல்லை; அதை மொழிபெயர்ப்பாளர்களின் சமாசாரம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இன்னொன்றில் நான் மாற மாட்டேன். புதுச் சொல்லைப் பொதியில் திருத்தாதீர்கள். மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வழங்கலும் தன் பொதிக்குள் தனியாகத் தமிழைத் திருத்தத் தொடங்கினால், அடுத்த பதிப்பில் பேட்ச் ஒட்டாது. ஒட்டாத பேட்ச்சை எவரும் உட்கார்ந்து சீர்செய்வதில்லை, தூக்கிவிடுவார்கள். பிறகு ஒரே நிரல் ஒரு கணினியில் ‘சேமி’ என்றும் இன்னொன்றில் ‘காப்பாற்று’ என்றும் பேசும்.

#10 மூன்றுசுழி

அதில் உங்களோடு நிற்கிறேன். இரண்டு சரங்களையும் திருத்தி வெப்லேட்டில் ஏற்றிவிட்டேன். லிங்குவாஸுக்கு ஒரு வரித் திருத்தத்தைப் பொதிமாடே அனுப்பட்டும், கண்டுபிடித்தவர் அவர்.

#11 நீலத்தொப்பி

ஃபெடோரா வழங்கலின் பக்கத்திலிருந்து கொஞ்சம். நாங்கள் பொதியைக் கட்டும் முறையை எழுதும் ஸ்பெக் கோப்பில் ‘ஃபைண்ட் லாங்’ என்ற மேக்ரோவை ஓட்டுகிறோம். நிறுவிய எம்ஓ கோப்புகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் இது இன்ன மொழிக்கானது என்ற முத்திரையோடு ஒரு பட்டியல் எழுதித் தரும். அதைத்தான் கோப்புப் பகுதியில் சேர்க்க வேண்டும். லொகேல் அடைவை நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக அள்ளுவதை வழிகாட்டு நெறி அனுமதிப்பதில்லை. அள்ளினால் முத்திரை போய்விடும்.

ஒரு மொழியும் கிடைக்காவிட்டால் அந்த மேக்ரோ பில்டை நிறுத்திவிடும். முப்பதில் ஒன்று குறைந்தால் அதற்கும் தெரியாது. உங்கள் கதை எங்களிடமும் அப்படியே நடக்கும்.

முத்திரையால் வேறொரு குழப்பமும் உண்டு. ஒரு நண்பர் கன்டெய்னரில் (தனித்து ஓடும் சிறு சூழல்) பொதியை நிறுவிப் பார்த்துவிட்டு ‘தமிழ் இல்லை’ என்று வழு பதிந்தார். பொதியில் தமிழ் இருந்தது. கன்டெய்னருக்கான அடிப்படைப் படிமத்தில் நிறுவ வேண்டிய மொழி என்று ஆங்கிலத்தை மட்டும் அமைத்திருந்ததால், முத்திரையைப் பார்த்து, நிறுவும் கருவியான ஆர்பிஎம் தமிழை வட்டில் இறக்கவே இல்லை. டெபியனின் ‘ஸ்லிம்’ படிமங்களிலும் இதே நிலைதான். அங்கே லொகேல் அடைவை விலக்கச் சொல்லி, நிறுவும் கருவியான டிபிகேஜிக்கு முன்பே கட்டளை எழுதி வைத்திருக்கிறார்கள். கன்டெய்னரில் மொழிபெயர்ப்பைச் சோதிக்காதீர்கள்.

#12 பொதிமாடு

கன்டெய்னரில் இல்லை, என் மடிக்கணினியிலேயே சோதித்துவிட்டேன். தமிழ் வந்துவிட்டது! ஆனால் அதே அடைவில் இரண்டாம் முறை பில்டு செய்தால் மூலப் பொதி கட்டும் டிபிகேஜி-சோர்ஸ் கத்துகிறது: ஜிஎம்ஓ இருமக் கோப்பின் உள்ளடக்கம் மாறிவிட்டது, அந்த மாற்றத்தைக் குறிக்க முடியவில்லை என்று. தமிழுக்கு மட்டுமல்ல, எல்லா மொழிக்கும்.

#13 கடைசிவரி

டார் கோப்போடு வந்த ஜிஎம்ஓக்களை உங்கள் பில்டு புதிதாக அரைத்து மேலெழுதிவிட்டது. மாறிய உரைக்கோப்பைப் பேட்ச்சாக எழுதலாம், மாறிய இருமக் கோப்பை எழுத முடியாது, அதனால்தான் கத்துகிறது. டெபியன் அடைவில், அழிக்க வேண்டியவற்றைச் சொல்லும் ‘கிளீன்’ கோப்பில் பிஓ அடைவின் ஜிஎம்ஓக்களையும் ‘ஸ்டாம்ப்-பிஓ’ என்ற அடையாளக் கோப்பையும் எழுதிவிடுங்கள். அழிந்த கோப்பைப் பற்றி அது முணுமுணுக்கும், தடுக்காது. பில்டுக்கு வேண்டியவை பட்டியலில் கெட்டெக்ஸ்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் அடுத்த முறை அரைக்க ஆளிருக்காது. இதை அலட்சியமாக விடாதீர்கள். ஒருமுறை பில்டான பிறகு மீண்டும் மூலப் பொதி கட்ட முடியாதவற்றின் மேல் டெபியனில் 2023 ஆகஸ்டில் மொத்தமாக வழு பதிந்தார்கள்.

#14 மட்டுவாவி

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பொதிமாடு பகிர்ந்த சோதனைப் பொதியை நிறுவினேன். எனக்கு இன்னும் ஆங்கிலம்தான்.

என் கணினியில் மொழி ‘டிஏ_எல்கே’, அதாவது இலங்கைத் தமிழ். உங்கள் கோப்பு ‘டிஏ_ஐஎன்’ அடைவில் நிறுவப்பட்டிருக்கிறது. எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போட்டு நிரல் எந்தக் கோப்புகளைத் திறக்க முயல்கிறது என்று பார்த்தேன். முதலில் டிஏ_எல்கே அடைவைத் தட்டுகிறது, இல்லை. பிறகு வெறும் டிஏ அடைவைத் தட்டுகிறது, அதுவும் இல்லை. அத்தோடு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. டிஏ_ஐஎன் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

#15 கடைசிவரி

அது அப்படித்தான் தேடும். நாட்டுக் குறியீடு சேர்ந்த பெயரிலிருந்து நாட்டைக் கழற்றிவிட்டு மொழியை மட்டும் தேடும். பக்கத்து நாட்டுக்குப் போகாது. கடலைத் தாண்டத் தெரியாத நிரல். கோப்பின் பெயர் டிஏ என்று மட்டும் இருந்தால் சென்னையிலும் கிடைக்கும், மட்டக்களப்பிலும் கிடைக்கும், சிங்கப்பூரிலும் கிடைக்கும்.

இப்போதைக்கு ‘லாங்குவேஜ்’ சூழல் மாறியில் டிஏ_எல்கே, டிஏ, டிஏ_ஐஎன் என்று முக்காற்புள்ளியிட்டு வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள், வரும். ஆனால் ஒவ்வொரு இலங்கைப் பயனரிடமும் போய் இதைச் சொல்ல முடியாது.

#16 பில்டுகாவல்

பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் வேறு இல்லையா? வேறு என்றால் டிஏ_ஐஎன் என்பதுதானே நேர்மையான பெயர்?

#17 மட்டுவாவி

வேறுதான் ஐயா, மறுக்கவில்லை. நீங்கள் ‘பயனர்’ என்பீர்கள், நாங்கள் ‘பாவனையாளர்’ என்போம். ஆனால் ‘பயனர்’ என்ற சொல்லைப் பார்த்து எவரும் இங்கே திகைத்து நிற்கப் போவதில்லை. தமிழே இல்லாமல் ஆங்கிலம் தெரிவதைவிட உங்கள் தமிழ் தெரிவது எங்களுக்கு ஆயிரம் மடங்கு மேல். பொதுவானதை டிஏ என்று வையுங்கள். நாங்கள் பத்துச் சொற்களை மாற்ற விரும்பினால் டிஏ_எல்கே என்று ஒரு சிறு கோப்பில் அந்தச் சரங்களை மட்டும் எழுதுவோம். கெட்டெக்ஸ்ட் முதலில் அதைப் பார்க்கும், அதில் இல்லாத சரத்துக்கு டிஏ கோப்புக்கு வரும்.

#18 மூன்றுசுழி

எனக்கு முழுச் சம்மதம். டிஏ_ஐஎன் என்பது நான் தேர்ந்தெடுத்ததே அல்ல. முதல் நாள் வெப்லேட்டில் மொழியைச் சேர்க்கும்போது பட்டியலில் எது கண்ணில் பட்டதோ அதை அழுத்தினேன். இத்தனை பேரின் கதவை அடைக்கும் என்று தெரியாது.

#19 பொதிமாடு

என் பேட்ச்சில் கோப்பின் பெயரை டிஏ என்று மாற்றிவிட்டேன். டார் கோப்பில் தமிழே இல்லாததால் இப்போது மாற்றுவது எளிது, எதனோடும் மோதாது. கோப்பின் தலைப்பில் ‘லாங்குவேஜ்’ வரியையும் மாற்றினேன். மூலத் திட்டத்திலும் பெயரை மாற்றும்படி கேட்டிருக்கிறேன். அங்கே வெப்லேட் இணைப்பு அறுந்துவிடாமல் திட்டத்தாரே செய்வதுதான் சரி.

தலைப்பைப் பார்க்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ‘இந்தக் கோப்பு, பேக்கேஜ் என்ற பொதியின் அதே உரிமத்தில் வழங்கப்படுகிறது’ என்று முதல் வரிகளில் எழுதியிருக்கிறது. நிரலின் பெயரை நிரப்ப வேண்டிய இடத்தில் வார்ப்புருவின் சொல் அப்படியே கிடக்கிறது. காப்புரிமைக் கோப்பு எழுதும்போது சிரித்துவிட்டேன்.

#20 மூன்றுசுழி

அதையும் திருத்தினேன். சிரித்தது போதும்.

#21 நீலத்தொப்பி

இந்தப் பொதி உபுண்டுவுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அங்கே ‘மெயின்’ பிரிவில் உள்ள பொதிகளிலிருந்து எம்ஓ கோப்புகளைப் பில்டு நேரத்திலேயே உரித்தெடுத்து உபுண்டுவின் லாஞ்ச்பேடு தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவை பிறகு தமிழ் மொழிப்பொதி வழியாகத் தனி அடைவில் வந்து இறங்கும். ‘யுனிவர்ஸ்’ பிரிவில் இருந்தால் உரிக்க மாட்டார்கள். ஓப்பன்சூசேயில் எல்லா மொழிகளையும் ‘லாங்’ என்ற வால் கொண்ட துணைப்பொதியில் ஒன்றாகக் கட்டுகிறார்கள். ஒரே பிஓ கோப்பு, ஊருக்கு ஒரு வழியில் போகிறது.

#22 பொதிமாடு

இது யுனிவர்ஸுக்குத்தான் போகும், தப்பித்தேன்.

இப்போது உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன். பொதியின் சோதனையில் பத்து வரி ஸ்கிரிப்ட் சேர்த்தேன். மூலத்தின் பிஓ அடைவில் எத்தனை பிஓ கோப்புகள் இருக்கின்றனவோ, நிறுவிய அடைவில் அத்தனை எம்ஓ இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெயரைச் சொல்லிப் பில்டை நிறுத்தும். என் பொறுப்பில் உள்ள மற்ற ஆறு பொதிகளிலும் ஓட்டினேன். அவற்றை கிட் குறியிலிருந்து கட்டுவதால் பிஓ கோப்புகள் எல்லாம் கையில் இருக்கின்றன. ஒன்றில் குஜராத்தியைக் காணவில்லை. அதே கதை, லிங்குவாஸில் பெயர் இல்லை.

#23 பில்டுகாவல்

அந்த ஸ்கிரிப்டைப் பகிருங்கள். ஆனால் நிறுத்த வேண்டாம், எச்சரித்தால் போதும் என்று நான் மாற்றிக்கொள்வேன். சில திட்டங்கள் கால்வாசி முடிந்த மொழியை வேண்டுமென்றே பட்டியலில் சேர்ப்பதில்லை. கையேட்டுப் பக்கங்களுக்கான பிஓ4ஏ கருவி, எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் மொழிபெயர்ப்பை இயல்பாகவே வெளியிடாது. அது வழு அல்ல, முடிவு.

#24 பொதிமாடு

முடிவு என்றால் எங்காவது எழுதி வைத்திருக்கட்டும். விலக்கும் மொழிகளுக்கு ஸ்கிரிப்டில் ஒரு பட்டியல் இருக்கிறது, காரணத்தோடு எழுதினால்தான் ஏற்கும். எச்சரிக்கையை நானே படிப்பதில்லை, என்னை எனக்குத் தெரியும்.

#25 மட்டுவாவி

புதிய பொதியை நிறுவினேன். எந்த மாறியும் வைக்காமல் தமிழில் திறக்கிறது. நன்றி.

ஒரு சிறு விஷயம். குறிப்பு எதையும் தேர்ந்தெடுக்காமல் இருக்கும்போது கீழே நிலைப்பட்டையில் ஏதோ நீளமாக ஓடுகிறது. திட்டத்தின் பெயர், தேதி, நேரம், அதன் பிறகு மூன்றுசுழி அக்காவின் முழுப் பெயர், மின்னஞ்சல் முகவரி, தமிழுக்கு எத்தனை பன்மை என்ற சூத்திரம். திரைப்பிடிப்பை அவருக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

#26 கடைசிவரி

நிரலாளர் வெற்றுச் சரத்தை கெட்டெக்ஸ்டுக்குக் கொடுத்திருக்கிறார். பிஓ கோப்பில் வெற்றுச் சரத்துக்கு நேரே இருப்பது தலைப்புதான். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஓட்டினால் எம்ஓ கோப்பே திறக்கப்படாது, அதனால் வெறுமையாகத் தெரிந்திருக்கும். சரம் வெற்றாக இருந்தால் மொழிபெயர்க்கக் கேட்காதே என்று ஒரு நிபந்தனை போட்டால் தீர்ந்தது. பொதிமாடு, வழு பதியுங்கள்.

#27 மூன்றுசுழி

பதியுங்கள். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பதியுங்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் என் பெயர் திரையில் வந்திருக்கிறது, அம்மாவிடம் காட்ட வேண்டும்.